தவிட்டுக்கு வாங்கிய கதையும் தத்தெடுக்கும் வழியும்

வீட்டில் கடைக்குட்டியை அழவைக்க அண்ணன் அக்காக்கள் காலங்காலமாக வைத்திருக்கும் வசனம் ஒன்று உண்டு: "உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்!" சின்னது ஓடிப்போய் அம்மாவின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். இந்தக் கேலிக்குப் பின்னால் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. பிறக்கும் பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்ததைச் சாமிக்கோ உறவுக்காரர் ஒருவருக்கோ தத்துக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பிள்ளை இனி சாமியுடையது, எமன் கைவைக்க மாட்டான் என்று ஒரு கணக்கு.

ஆக, தத்து என்ற சொல் நமக்குப் புதிது கிடையாது. ஆனால் உண்மையாகவே ஒரு குழந்தையைத் தத்தெடுத்து அம்மா ஆவது எப்படி என்று கேட்டால், படித்தவர்களே "ஏதாவது இல்லத்துல போய்க் கேட்டா குடுப்பாங்க" என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் மகள் ஒன்றரை வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தாள்; இப்போது யூகேஜி போகிறாள். விண்ணப்பித்த நாளில் எனக்கு யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு தோன்றியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வண்டலூர் பூங்காவில் புலியைக்கூடத் தத்தெடுக்கலாம். அதன் தீவனச் செலவை ஏற்றுக்கொள்வதற்கு அப்படிப் பெயர். "ரெண்டு பிள்ளைங்க படிப்பைத் தத்தெடுத்திருக்கேன்" என்பதும் அதே வகை. நல்ல காரியம்தான், ஆனால் அது நிதியுதவி. இன்னொன்று வளர்ப்புப் பராமரிப்பு. சொந்தக் குடும்பத்தோடு இருக்க முடியாத குழந்தையை அரசின் அனுமதியோடு நம் வீட்டில் வைத்து வளர்ப்பது. அதில் குழந்தை சட்டப்படி நம்முடையது ஆகாது. 2024-இல் வந்த வழிகாட்டுதலின்படி, இரண்டு ஆண்டுகள் அப்படி வளர்த்த பிறகு, அந்தக் குழந்தை தத்துக்கு உரியதாக இருந்தால் தத்தெடுக்கக் கேட்கலாம். தத்து என்பது இவை எல்லாவற்றையும் தாண்டியது. ஆணை கையெழுத்தான நாளிலிருந்து அந்தக் குழந்தை சட்டத்தின் கண்ணில் உங்களுடைய குழந்தை. சொத்துரிமை உட்பட எல்லாவற்றுக்கும். பிறந்த குடும்பத்தோடு இருந்த சட்ட உறவு அன்றோடு முடிகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற நினைப்பே இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும்.

யாருக்காக இந்த ஏற்பாடு

ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தானாகப் புரியும். பிள்ளையில்லாதவர்களுக்குப் பிள்ளை தேடித் தருவதற்காக இந்த அமைப்பு உருவாக்கப்படவில்லை. குடும்பம் இல்லாத ஒரு குழந்தைக்குக் குடும்பம் தேடுவதுதான் அதன் வேலை. எங்கள் வருமானச் சான்றிதழை வாங்கிப் பார்த்தபோதும், என் மாமியாரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொன்னபோதும் எனக்குக் கோபம் வந்தது. "பெத்துக்கிறவங்களை யாராவது இப்படிக் கேக்கறாங்களா?" என்று கணவரிடம் பொருமினேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. அவர்கள் என் தரப்பு ஆட்கள் அல்ல. இன்னும் நான் பார்த்திராத ஒரு குழந்தையின் தரப்பு ஆட்கள். பெண் கொடுக்கும் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றித் தெருவில் விசாரிப்பதில்லையா, அது மாதிரி.

இந்தியாவில் இதற்கான முதன்மைச் சட்டம் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். நடைமுறையை விரித்துச் சொல்வது 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள். மேலே உட்கார்ந்து பார்த்துக்கொள்வது மத்திய தத்தெடுப்பு வள ஆணையம். எல்லோரும் 'காரா' என்றே சொல்வார்கள். இந்த வழியில் மதம் குறுக்கே வராது. முன்பு இந்துக்களுக்கு மட்டும்தான் தத்துச் சட்டம் இருந்தது. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 'காப்பாளர்' ஆகலாம், அவ்வளவுதான். இப்போது அப்படியில்லை. தனிச் சட்டம் எதுவாக இருந்தாலும், விரும்புகிறவர் இளைஞர் நீதிச் சட்டத்தின் வழியே (அப்போது இருந்தது அதன் 2000-ஆம் ஆண்டு வடிவம்) தத்தெடுக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் தெளிவுபடுத்தியது.

யார் விண்ணப்பிக்கலாம்? திருமணமானவர்கள் என்றால் இரண்டு ஆண்டுகளாவது நிலையான மணவாழ்க்கை இருக்க வேண்டும், இருவருக்கும் சம்மதம் வேண்டும். திருமணமாகாதவர், மணமுறிவு பெற்றவர், கணவரை இழந்தவர் எல்லோரும் தனியாகவே விண்ணப்பிக்கலாம். தனியாக வாழும் பெண் ஆண் குழந்தையையும் தத்தெடுக்கலாம், பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம். தனி ஆணுக்குப் பெண் குழந்தை கிடையாது. ஏற்கெனவே ஒரு குழந்தை பெற்றிருப்பது தடையில்லை. இரண்டோ அதற்கு மேலோ இருந்தால், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கும் எளிதில் குடும்பம் கிடைக்காத குழந்தைகளுக்கும் மட்டுமே உங்களைப் பார்ப்பார்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் வயது. கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டிப் பார்ப்பார்கள். 2 வயது வரை உள்ள குழந்தை வேண்டுமென்றால் கூட்டுத்தொகை 85-ஐத் தாண்டக் கூடாது. 2 முதல் 4 வரை என்றால் 90. 4 முதல் 8 வரை 100. அதற்கு மேல் 18 வரை 110. தனியாக விண்ணப்பிப்பவருக்கு இதே படிகளில் 40, 45, 50, 55. குழந்தைக்கும் பெற்றோருக்கும் 25 வயதாவது இடைவெளி வேண்டும். கணவருக்கு 44, மனைவிக்கு 42 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 86. கைக்குழந்தைக்கான கதவு அவர்களுக்கு ஒரு வயதில் மூடிவிட்டது. பத்து வருஷம் சிகிச்சை, கோயில், மறுபடி சிகிச்சை என்று அலைந்துவிட்டுக் கடைசியில் வருகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்து நொந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். தத்தைக் கடைசி வழியாக வைக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இந்தக் கூட்டல் ஒன்றே போதும்.

பதிவு முதல் போட்டோ வரை

எல்லாம் காராவின் இணையதளத்தில்தான். ஆதார், பான், வருமானம், திருமணச் சான்று, மருத்துவச் சான்று என்று ஆவணங்களை, பெயரைப் பதிவு செய்த 30 நாளுக்குள், அதில் ஏற்ற வேண்டும். கணினி பழக்கமில்லாதவர்களுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் உதவி செய்வார்கள். பல ஊர்களில் கலெக்டர் அலுவலக வளாகத்தில் விசாரித்தாலே வழி காட்டிவிடுவார்கள். அப்புறம் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். இதற்குக் குடும்ப ஆய்வு என்று பெயர். அவர் பரணில் தூசி இருக்கிறதா என்று பார்க்க வரவில்லை. (நான் பார்த்துப் பார்த்துத் துடைத்தேன், அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.) ஏன் தத்தெடுக்கிறீர்கள், கருக்கலைந்த துயரம் ஆறிவிட்டதா, குழந்தையிடம் எப்போது சொல்வீர்கள், பெரியவர்கள் ஏற்றுக்கொள்கிறார்களா, உங்களுக்கு ஏதாவது ஆனால் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? பதில் தெரியாத கேள்விக்குத் தெரியவில்லை என்றே சொல்லலாம். ஒத்திகை பார்த்த பதிலை அவர்கள் எளிதாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த அறிக்கை மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

அப்புறம் காத்திருப்பு. சின்னக் குழந்தைக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்திருப்பது இப்போது சாதாரணம். 2024-25 நிதியாண்டில் காரா வழியாக நடந்த தத்துகள் 4,515. பன்னிரண்டு ஆண்டுகளில் அதுதான் அதிகம். வரிசையில் நிற்கும் குடும்பங்களோ பல்லாயிரம். "நாட்டுல இவ்வளவு அநாதைக் குழந்தைங்க இருக்கும்போது ஏன் இவ்வளவு நேரம்?" என்று எல்லோரும் கேட்பார்கள். இல்லத்தில் இருக்கும் குழந்தைகள் எல்லோருமே தத்துக்கு உரியவர்கள் அல்ல என்பதுதான் பதில். பலருக்கு அம்மாவோ அப்பாவோ பாட்டியோ இருக்கிறார்கள். வறுமையோ நோயோ கொண்டுவந்து விட்டிருக்கும். கைவிடப்பட்ட குழந்தை என்றால், உறவினர் யாராவது இருக்கிறார்களா என்று தேடி, குழந்தைகள் நலக் குழு 'இந்தக் குழந்தை தத்துக்கு உரியது' என்று அறிவிக்க வேண்டும். 2 வயதுவரை உள்ள குழந்தைக்கு அதற்கு இரண்டு மாதம், பெரிய குழந்தைக்கு நான்கு மாதம் என்று சட்டம் சொல்கிறது. பெற்றவளே வந்து ஒப்படைத்திருந்தால், மனம் மாறித் திரும்பி வர அவளுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. அந்த இரண்டு மாதம் வெறும் தாமதம் என்று எனக்குத் தோன்றவில்லை. என் மகளைச் சுமந்தவளுக்கு அந்தக் கதவு திறந்திருந்தது என்று தெரிந்திருப்பது எனக்கே ஒரு நிம்மதி.

பெரிய குழந்தைகளுக்கும் உடல்நலத் தேவை உள்ள குழந்தைகளுக்கும் வரிசை இவ்வளவு நீளம் இல்லை. இங்கே குழந்தைதான் குடும்பத்துக்காகக் காத்திருக்கிறது.

உங்கள் முறை வரும்போது குழந்தையின் போட்டோவும், குழந்தை பற்றிய அறிக்கையும், மருத்துவ அறிக்கையும் வரும். 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். பத்துக் குழந்தையை வரிசையாக உட்காரவைத்துத் தேர்ந்தெடுப்பதெல்லாம் பழைய சினிமாவோடு போயிற்று, போகட்டும். அந்த இரண்டு நாளில் மருத்துவ அறிக்கையைத் தெரிந்த குழந்தை மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். எடை, தலைச் சுற்றளவு, ரத்தப் பரிசோதனை முடிவுகள் இவை நமக்குப் புரியாது. நான் போட்டோவைப் பார்த்த பிறகு வேறெதையும் பார்க்கும் நிலையில் இல்லை. டாக்டரைத் தேடிப் போனது கணவர்தான்.

சரி என்று சொன்ன பிறகு, குழந்தை வளரும் சிறப்புத் தத்து மையத்துக்குப் போய்க் குழந்தையைப் பார்க்கிறோம், தத்துக் குழு நம்மைப் பார்க்கிறது, வயதுக்கேற்ப குழந்தையின் விருப்பமும் கேட்கப்படுகிறது. ஆணை வருமுன்பே, தத்துக்கு முந்தைய பராமரிப்பு என்ற பெயரில் குழந்தை வீட்டுக்கு வந்துவிடும். முன்பு ஆணை பிறப்பித்தது நீதிமன்றம். 2021 திருத்தம் அந்த வேலையை மாவட்ட ஆட்சியருக்குக் கொடுத்தது. 2022 செப்டம்பர் முதல் அதுதான் நடைமுறை. விண்ணப்பம் சேர்ந்து இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆணையைக் காட்டித்தான் உங்கள் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழ் வாங்குவீர்கள். பிறகு இரண்டு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள்.

பணம்? ஒழுங்குமுறையிலேயே எழுதிவைத்த கட்டணம் உண்டு, ரசீது உண்டு. அதற்கு மேல் 'டொனேஷன்' என்று யாராவது வாயைத் திறந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

குறுக்கு வழி

"தெரிஞ்ச நர்ஸ் ஒருத்தங்க இருக்காங்க, காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுடலாம்" என்று சொல்ல எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். எனக்கும் சொன்னார்கள். பொய்ப் பிறப்புச் சான்றிதழோடு வரும் அந்தக் குழந்தையைப் பெற்றவள் சம்மதித்தாளா, ஏமாற்றப்பட்டாளா, குழந்தை திருடப்பட்டதா என்று நமக்குத் தெரியவே தெரியாது. 2019-இல் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில் ஓர் ஒலிப்பதிவு வெளியாகி, குழந்தை விற்பனை வலையே அம்பலமானது நினைவிருக்கலாம். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, "பெற்றோர் இருவரும் இறந்துவிட்டார்கள், குழந்தைக்கு வீடு தேவை" என்ற செய்திகள் வாட்ஸ்அப்பில் சுற்றின. அப்படி ஒரு செய்தி வந்தால் பிறருக்கு அனுப்பாதீர்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். முறையை மீறிக் குழந்தையைத் தத்தெடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் ஐந்து ஆண்டு வரை. மருத்துவமனை ஆட்கள் என்றால் மூன்றுக்குக் குறையாமல் ஏழு வரை.

சொந்தத்துக்குள் அக்கா பிள்ளையைத் தத்தெடுப்பது வேறு விஷயம். இந்துக்கள் (பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் சேர்த்தி) 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி நேரடியாகச் செய்யலாம். குழந்தைக்கு 15 வயது நிரம்பியிருக்கக் கூடாது. மகன் இருப்பவர் இன்னொரு மகனையும், மகள் இருப்பவர் இன்னொரு மகளையும் எடுக்க முடியாது. கையில் கொடுத்துக் கையில் வாங்குவது கட்டாயம், ஹோமம் கட்டாயமில்லை. பத்திரத்தைப் பதிவு செய்துகொள்வது பிற்காலத்துக்கு நல்லது. இந்தச் சட்டத்தில் மணமான பெண்ணுக்குத் தானே தத்தெடுக்கும் உரிமை 2010 திருத்தத்தில்தான் வந்தது. அதுவரை கணவர் தத்தெடுப்பார், மனைவி சம்மதம் சொல்வாள், அவ்வளவே.

வந்த பிறகு

பிரசவமானவளுக்கு அம்மா வீட்டில் மூன்று மாதம். பத்தியச் சாப்பாடு, எண்ணெய்க் குளியல், "நீ படு, நான் பார்த்துக்கறேன்." தத்தெடுத்தவளுக்கு? குழந்தை வந்த மறுநாளே பார்க்க வருகிற கூட்டத்துக்குக் காபி போட வேண்டியிருக்கும். உடம்பில் தையல் இல்லை, அதனால் அவள் களைப்பு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அலுவலகமும் அப்படித்தான். 2017-இல் மகப்பேறு பலன் சட்டத்தைத் திருத்தியபோது தத்தெடுக்கும் தாய்க்கு 12 வார விடுப்பு கொடுத்தார்கள், ஆனால் குழந்தை மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்கள். தத்துக்கு உரியது என்று அறிவிக்கவே இரண்டு மாதம் ஆகும் நாட்டில் மூன்று மாதக் குழந்தை யார் கைக்கு வரும்? இந்த வரி உச்ச நீதிமன்றம்வரை வழக்காகப் போனது. விண்ணப்பிக்கும் காலத்தில் உங்கள் அலுவலகத்தில் என்ன விதி என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கோ அது ஒரு பெரிய இழப்பின் நாள். நமக்குத்தான் கொண்டாட்டம். அதற்குத் தெரிந்த ஆயாவின் குரல், பக்கத்துத் தொட்டில் அழுகை, இரவு முழுக்க எரியும் விளக்கு எல்லாம் ஒரே நாளில் காணாமல் போகின்றன. மையத்திலிருந்து கிளம்பும்போது குழந்தை படுத்த துணி ஒன்றைத் துவைக்காமல் கேட்டு வாங்கி வாருங்கள். அதே பால் பவுடர், அதே சாப்பாட்டு நேரம். எங்கள் படுக்கையறை அமைதியாக இருந்ததால் என் மகள் தூங்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு ராத்திரி ஆனது. மின்விசிறியை வேகமாக வைத்து, கூடத்து விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவைத்தோம். தூங்கிவிட்டாள்.

"எவ்வளவு சமத்து, யார் கூப்பிட்டாலும் போகுதே!" என்று உறவினர்கள் மெச்சுவார்கள். பல கைகள் மாறி வளர்ந்த குழந்தைக்கு அது சமத்து ஆகாது. இவர்களில் யார் என் ஆள் என்று அதற்கு இன்னும் பிடிபடவில்லை. முதல் சில வாரம் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, அழுதால் தூக்குவது எல்லாம் அம்மாவும் அப்பாவும் மட்டுமே செய்யுங்கள். தொட்டில் போடும் விழாவை மூன்று மாதம் தள்ளிவையுங்கள். பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. எங்கள் பெரியம்மா இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறார். ஒருநாள் அந்நியர் ஒருவர் தூக்கக் கை நீட்டியபோது, என் மகள் வீறிட்டு அழுது என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு நான் மகிழ்ந்த மாதிரி எந்தத் தாயும் பிள்ளை அழுததற்காக மகிழ்ந்திருக்க மாட்டாள்.

தாய்ப்பால் கொடுக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பவர்கள் உண்டு. பெறாதவளுக்கும் தூண்டுதலால் பால் சுரக்கச் செய்ய முடியும். மருத்துவர் உதவியோடு வாரக்கணக்கில் முயல வேண்டும், பெரும்பாலும் முழுத் தேவைக்கும் போதாது. செய்யாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

பார்த்தவுடன் பாசம் பொங்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். சிலருக்குப் பொங்கும். எனக்கு முதல் மாதம் முழுக்க, யாரோ வீட்டுக் குழந்தையை நம்பி விட்டுப்போயிருக்கிறார்கள் என்ற பயம்தான் இருந்தது. அதைச் சொல்லவும் வெட்கம். மூன்று வருஷம் ஏங்கிப் பெற்ற பிள்ளையாயிற்றே! பெற்றவளுக்கு வரும் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு போலவே தத்துக்குப் பிந்தைய மனச்சோர்வும் உண்டு. வாரக்கணக்கில் நீண்டால் மருத்துவரைப் பாருங்கள்.

யார் ஜாடை?

நம் ஊரில் குழந்தையைப் பார்த்ததும் முதல் கேள்வி இதுதான். "அப்பா ஜாடையா, அம்மா ஜாடையா?" கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. நான் "அவ ஜாடை" என்று சொல்லிவிடுவேன். எல்லோருக்கும் எல்லாவற்றையும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கதை குழந்தையுடையது. ஆனால் குழந்தையிடம் சொல்லியே ஆக வேண்டும். எப்போது? விவரம் தெரிந்த பிறகு என்றால், அதற்குள் ஒரு சித்தியோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்லிவிடுவார். வார்த்தை புரியாத வயதிலிருந்தே தாலாட்டோடு தாலாட்டாகச் சொல்லிவந்தால், சொன்ன நாள் என்று ஒன்று இருக்காது. துளசிச் செடியடியில் கிடைத்தவளைப் பெரியாழ்வார் மகளாக வளர்த்த கதையை ஸ்ரீவில்லிபுத்தூரில் யாரும் ரகசியமாகச் சொல்வதில்லை.

'சொந்தப் பிள்ளை', 'தத்துப்பிள்ளை' என்று பிரிக்காதீர்கள், இருவருமே சொந்தம்தான். பெற்றவளை 'விட்டுட்டுப் போனவ' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் 'உன்னைச் சுமந்த அம்மா'. போன விடுமுறையில் என் அண்ணன் மகன் வழக்கமான வசனத்தை எடுத்துவிட்டான்: "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினாங்க!" கூடத்தில் பெரியவர்கள் எல்லோரும் உறைந்துபோனோம். அவள் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "இல்ல, எனக்குக் கலெக்டர் கையெழுத்துப் போட்டாரு. உனக்குப் போட்டாரா?" என்றாள். அவன் தன் அம்மாவிடம் ஓடிப்போய்க் கேட்டான்.

அந்த ஆணையின் நகல், மையத்தில் கொடுத்த மருத்துவ அறிக்கைகள், முதல் போட்டோ, துவைக்காத அந்தத் துணி எல்லாம் ஒரே பெட்டியில் பீரோவின் மேல்தட்டில் இருக்கின்றன. 18 வயதானதும் தன் வேர்களைத் தேடி அவளே விண்ணப்பிக்கலாம்; அதற்கு முன்பு என்றால் எங்களோடு சேர்ந்து. மூன்றாம் மனிதர் யாருக்கும் அந்த உரிமை கிடையாது. பெற்றவளின் அடையாளத்தைக் காக்கும் விதியும் கூடவே இருப்பதால், தேடலில் என்ன கிடைக்கும் என்று இப்போது சொல்ல முடியாது. பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது என்று மட்டும் அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.